கடைசிப் பாட்டில் ஓடிய குரல்

என் பெயரும் தகப்பனார் பெயரும் வீட்டு முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதிக்கொள்ளப்பட்டுவிட்டன. எனக்கு வயது எழுபத்தொன்று. கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகிவிட்டார். மேடையில் விழுந்து இறந்துபோன பாடகி என் மகள். தற்போது காவலில் இருக்கும் கிதார் கலைஞர் அவளுடைய கணவர், என் மாப்பிள்ளை. அவர் மீது புகார் கொடுத்திருப்பவன் என் மகன், இறந்தவளின் தம்பி. புகார் கொடுத்தவனும் புகாருக்கு ஆளானவரும் என் வீட்டுப் பிள்ளைகளாக இருப்பதால், நான் யார் பக்கத்துச் சாட்சி என்று ஆய்வாளர் கேட்டார். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

எனக்குக் கோர்வையாகப் பேச வராது. வகுப்பிலும் கரும்பலகை ஓரத்தில் அன்றைய பாடத்தின் தலைப்புகளை எண் போட்டு எழுதிவைத்த பிறகுதான் வாயைத் திறப்பேன். இங்கும் அப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். எழுதிக்கொள்ளும் ஏட்டு, "நீங்க சொல்லுங்க சார், நான் நம்பர் போட்டுக்கறேன்" என்றார். அதன்படி நான் சொல்ல இருப்பவை:

1. குழுவில் எனக்கு என்ன வேலை என்பது.
2. என் மகள் மேடையில் நிற்க, அவளுடைய பதிவுக் குரல் பாடும் ஏற்பாடு எப்படி வந்தது என்பது.
3. அந்த ஏற்பாட்டில் பாட்டை நிறுத்தக்கூடியவர் யார் என்பது.
4. நிகழ்ச்சி நாளன்று நடந்தவை.
5. என் மகள் மேடையிலிருந்து உதவி கேட்டு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதும், சொல்லியிருந்தால் அது எனக்குக் கேட்டிருக்கும் என்பதும்.
6. ஆகவே என் மாப்பிள்ளை கண்ணெதிரே பார்த்தும் சும்மா இருந்தார் என்ற புகார் சரியல்ல என்பது.

முதலாவது. எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. ஒலியியல் பாடம் நடத்தியவன் என்ற ஒரே தகுதியைப் பிடித்துக்கொண்டு, என் மனைவி இறந்த பிறகு வீட்டில் தனியாகக் கிடந்த என்னை என் மகள் தன் குழுவின் ஒலிக்கலவை வேலைக்குக் கூப்பிட்டாள். நான் மறுத்தேன். அவள் ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் பெட்டியைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு அதைப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் பக்கத்தில் வெள்ளைப் பட்டை ஒட்டி, என் கையெழுத்தில் அதன் வேலையை எழுதிவைத்துக்கொண்டேன். அப்படித்தான் சேர்ந்தேன்.

அவர்களுக்குப் பின்னால் நிறுவனம் எதுவும் இல்லை. பாட்டு எழுதுவது, பதிவு செய்வது, ஆல்பம் வெளியிடுவது, ஊர் ஊராகப் போய் மண்டபம் பிடித்துப் பாடுவது, நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் மேசை போட்டு இசைத்தட்டு விற்பது எல்லாம் அவர்களேதான். குழுவில் என் மகளையும் மாப்பிள்ளையையும் தவிர இருவர் உண்டு. கீபோர்டு வாசிப்பவரை உயரத்துக்காகவும் ஒல்லியான உடம்புக்காகவும் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவார்கள். டிரம்ஸ் வாசிக்கும் பையன் வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். பாட்டு முடியும் வரை திறக்கமாட்டான். ஆகவே அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். என்னை சார் என்பார்கள். நான் எதையும் இருமுறை சரிபார்க்கிறவன் என்பதால், "சார் சோத்துல உப்பு இருக்கான்னு பாக்கறதுக்கும் சவுண்ட் செக் வைப்பார்" என்று ஒட்டடைக்குச்சி சொல்வார். எனக்கு அது பிடித்திருந்தது.

மேடையில் உள்ள ஒவ்வொரு மைக்கும் தனி வயரில் என் மிக்ஸருக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் தள்ளுகிற ஒரு கட்டையும், அந்த மைக்கை மூடும் ஒரு பொத்தானும் உண்டு. மூடிவிட்டால் அது மண்டபத்துக்கும் போகாது, மேடையில் இருப்பவர்கள் காதில் செருகியிருக்கும் இயர்போனுக்கும் போகாது. ஆனால் வேறொரு பொத்தானை அழுத்தினால், மூடிய மைக்கில் வருவது என் ஹெட்போனில் மட்டும் கேட்கும். இதை ஏட்டுக்கு இரண்டு முறை விளக்கினேன், ஏனெனில் ஐந்தாவது இதைச் சார்ந்தது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்ததாக மேடைப் பாட்டுகளை மட்டும் கொண்ட ஓர் ஆல்பம் வெளியிட அவர்கள் எண்ணியிருந்ததால், எல்லா நிகழ்ச்சிகளிலும் ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாக ஒரு பதிவுப் பெட்டியில் பதிவாகிக்கொண்டிருந்தது.

இரண்டாவது. ஆல்பத்தை மாப்பிள்ளை வீட்டின் உள்ளறையில் பதிவு செய்தார்கள். சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாய்த்துக் கட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்த்து வழிந்துகொண்டு என் மகள் பாடினாள். ஒரு பாட்டின் நடுவில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது என்று அதை மட்டும் திரும்பத் திரும்பப் பாடினாள். ஆல்பம் வெளியானதும் சுற்றுப்பயணம் புறப்பட்டோம். இரண்டு மூன்று ஊர்கள் நன்றாகப் போயின. அதன் பிறகு அவளுக்குக் குரல் உடையத் தொடங்கியது. மேல்சுருதிக்குப் போகும்போது காற்று மட்டும் வந்தது. தொண்டை மருத்துவரிடம் நானும் கூடப் போனேன். ஒரு மாதம் பாடக்கூடாது, பேசுவதையும் குறைக்க வேண்டும் என்றார். வேனுக்குத் திரும்பிய பிறகு மாப்பிள்ளை, மீதி ஊர்களை ரத்து செய்துவிடலாம் என்று சொன்னார். இதை அழுத்திச் சொல்கிறேன். ரத்து செய்யலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். என் மகள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"வேணாம். இப்ப விட்டா அடுத்த தடவை எவனும் நம்மள கூப்பிட மாட்டான். ஆல்பத்துல இருக்கிற என் குரலையே ஓட்டிடலாம். முடியாத இடத்துல மட்டும்" என்றாள்.

"அது சரியாம்மா?" என்று நான் கேட்டேன்.

"அதுவும் நான்தானேப்பா" என்றாள்.

ஒட்டடைக்குச்சி, "கல்யாணத்துல மாப்பிள்ளைக்குப் பதிலா அவன் போட்டோவ உக்கார வெச்ச கதைதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அது ஜனங்களை ஏமாற்றுவதாகாதா என்று எனக்குள் இருந்தது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் சொன்னது 'சரியாம்மா' என்ற ஒரு கேள்விதான்.

மூன்றாவது. என் மகள் முடிந்தவரை தானே பாடுவாள். முடியாதபோது இடது காதைத் தொடுவாள். நான் அவளுடைய மைக்கை மூடிவிட்டு, மடிக்கணினியிலிருந்து வரும் பதிவுக் குரலின் கட்டையை மேலே தள்ளுவேன். தள்ளியாகிவிட்டது என்பதற்கு மேடையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவேன். பதிவுக் குரல் பாட்டின் தொடக்கத்திலிருந்தே ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதோடு சேர்ந்து தப்பாமல் வாசிப்பதற்காக, டிக் டிக் என்று ஒரு தாள ஒலி குழுவினரின் காதுகளுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குழு வாசிப்பதை நிறுத்தினாலும் பதிவுக் குரல் நிற்காது. ஒருநாள் ஒத்திகையில் தூங்குமூஞ்சியின் கோல் உடைந்து அவன் நிறுத்த, மற்றவர்களும் நிறுத்த, என் மகளின் குரல் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டே போனது. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, நான் இல்லை, நான் இல்லை என்று சைகை காட்டினாள். கீழே உட்கார்ந்து சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. மேடையில் இப்படி ஆனால் அதோடு எல்லாம் முடிந்தது என்றார். அதன் பிறகு ஒரு விதி வைத்தார்கள். மடிக்கணினி என்னிடம் இருப்பதால், பாட்டு தொடங்கிவிட்டால் என்ன நேர்ந்தாலும் மேடையில் யாரும் நிறுத்தக்கூடாது. நிறுத்துவதானால் நான் குரலை நிறுத்த வேண்டும், அதைப் பார்த்து அவர்கள் நிறுத்துவார்கள்.

"எங்கப்பாவா நிறுத்தறது? பஸ்ஸுக்குக் கை காட்டவே அவருக்குக் கூச்சம். பஸ்ஸு போனப்புறம் கைய தூக்குவார்" என்று என் மகள் சொன்னாள்.

"பரவால்ல, மாமா கிட்டயே இருக்கட்டும். அவர் ஒருத்தர்தான் இங்க பதறாம இருக்கறவர்" என்று மாப்பிள்ளை சொன்னார். நான் பதறாமல் இருப்பவன் அல்ல. பதற்றம் வெளியே தெரியாதவன். ஆனால் அதைத் திருத்த எனக்குத் தோன்றவில்லை. பொறுப்பு என்னிடம் வந்ததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பதிவுக் குரல் ஓடும்போது என் மகள் மைக்கின் முன் நின்று உதட்டை அசைக்க வேண்டும். மைக் மூடியிருக்கிறது, என் காதில் மட்டும் கேட்கும் என்று தெரிந்ததும் அவள் அந்த நேரத்தில் என்னோடு பேச ஆரம்பித்தாள். ஜனங்கள் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, "அப்பா, ரெண்டாவது வரிசையில ஒருத்தர் நல்லா குறட்டை விடறார், பாத்தீங்களா" என்பாள். "அப்பா, பசிக்குது" என்பாள். சில நாட்களில் ஒன்றும் சொல்லாமல் செருமிக்கொள்வாள். மருத்துவர் பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததால் நான் தூரத்திலிருந்து விரலை உதட்டில் வைத்துக் காட்டுவேன். அவள் வீட்டில் இருந்த காலத்தில்கூட என்னோடு அவ்வளவு பேசியது கிடையாது. ஆய்வாளர் இது வழக்குக்குத் தேவையா என்று கேட்டார். தேவை என்றுதான் நினைக்கிறேன்.

நான்காவது. நிகழ்ச்சி பிற்பகலில். நாங்கள் காலையிலேயே மண்டபத்துக்கு வந்துவிட்டோம். மண்டபம் மாடியில் இருந்தது, லிஃப்ட் வேலை செய்யவில்லை. பெட்டிகளையெல்லாம் படிக்கட்டு வழியாக ஏற்றினார்கள். என் மகளைத் தூக்கவிடவில்லை. அவள் கீழே வேனில் உட்கார்ந்து, விற்பதற்கான இசைத்தட்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அதன் பிறகு தொண்டை வலி தாங்கவில்லை, மாத்திரை வாங்க வேண்டும் என்று என்னை மட்டும் கூட்டிக்கொண்டு எதிரில் இருந்த மருந்துக்கடைக்குப் போனாள். மாப்பிள்ளை மாத்திரை வாங்கிக் கொடுத்ததாகப் புகாரில் இருக்கிறது. அவர் அப்போது மேலே வயர் இழுத்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் ஒரு மாத்திரையை எடுத்துக் காட்டி, இது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, முன்னால் போட்டதுண்டா என்று கேட்டார். என் மகள் யோசிக்காமல், "நிறைய போட்டிருக்கேன்" என்றாள். கடையை விட்டு வெளியே வந்த பிறகு, எப்போது போட்டாய் என்று கேட்டேன். "இப்பதான் போடப்போறேன்" என்று சிரித்தாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. மேடை ஏறும் முன் அதைப் போட்டுக்கொண்டாள். மூச்சுக்குழல் வீங்கி அடைத்துக்கொண்டது என்றும் அதற்கு அந்த மாத்திரை காரணமாக இருக்கலாம் என்றும் ஆஸ்பத்திரி மருத்துவர் சொன்னது கோப்பில் இருக்கிறது.

பிறகு சவுண்ட் செக். மற்றவர்கள் மைக்கில் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவார்கள். என் மகள் எப்போதும், "அப்பா, கேக்குதா?" என்பாள். கேட்டால் நான் கையைத் தூக்குவேன். அன்றும் கேட்டாள். அன்றும் தூக்கினேன்.

நிகழ்ச்சி தொடங்கியது. மண்டபம் நிரம்பியிருந்தது, பின்னால் ஆட்கள் நின்றுகொண்டும் இருந்தார்கள். என் மிக்ஸர் மண்டபத்தின் பின்கோடியில், நுழைவாயில் பக்கத்தில் இருந்தது. முதல் பாட்டுகளை அவளே பாடினாள். குரல் கரகரப்பாக இருந்தாலும் ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது. ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும், அது அடுத்த மேடைப் பாட்டு ஆல்பத்துக்குப் போகும் என்று மாப்பிள்ளை மைக்கில் அறிவித்தார். இரண்டு பாட்டுகளுக்குப் பதிவுக் குரலை ஓட்டினேன். அவற்றில் ஒன்றின்போது, முன்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டிருக்கிறது, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்று மூடிய மைக் வழியாக என் மகள் சொன்னாள். குறைத்தேன். குழந்தை கையை எடுத்துவிட்டது.

அதன் பிறகு கடைசிப் பாட்டு. முதல் சரணத்தை அவளே பாடினாள். சரணம் முடிந்ததும் இடது காதைத் தொட்டாள். நான் மைக்கை மூடி, பதிவுக் குரலை மேலே தள்ளி, கட்டைவிரலை உயர்த்தினேன். பாட்டு ஒரு பிசிறும் இல்லாமல் போயிற்று. மண்டப மேலாளர் அப்போது என் பக்கத்தில் வந்து நின்றார். "உங்க பொண்ணுக்கு என்னமா குரல் எடுக்குது சார். இதுவரைக்கும் பாடினத விட இதுதான் டாப்பு" என்றார். நான் நன்றி சொன்னேன். தன் மகளும் பாட்டு கற்றுக்கொள்வதாகவும், பாடுவதற்கு முன் சுடுநீர் குடிப்பது நல்லதா, கெட்டதா என்று தெரியவில்லை என்றும் கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். அவர் விடாமல் வேறு ஏதோ சொன்னார். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்கு வராது.

மேடையைப் பார்த்தபோது என் மகள் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மைக் தண்டைப் பிடித்தபடி சற்றுக் குனிந்து நின்றிருந்தாள். பதிவுக் குரல் ஓடும்போது அவள் அப்படித் திரும்புவது வழக்கம் என்பதை முன்பே சொன்னேன். அவள் முகம் தூங்குமூஞ்சி இருந்த பக்கம் இருந்தது. அவன் வழக்கம்போல் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தான். ஒட்டடைக்குச்சி பக்கவாட்டில் கீபோர்டைப் பார்த்துக் குனிந்திருந்தார். மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். அதன் பிறகு நேராக என்னைப் பார்த்து, புருவத்தை உயர்த்தி, தலையை ஆட்டிக் கேட்டார். குரல் சரியாக ஓடுகிறதா என்று கேட்கிறார் என நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவர் தொடர்ந்து வாசித்தார்.

அதன் பிறகு அவள் தண்டோடு சேர்ந்து விழுந்தாள். ஜனங்கள் அதையும் பாட்டில் சேர்த்தி என்று எண்ணிக் கைதட்டினார்கள். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். நான் மிக்ஸரை விட்டுவிட்டு மேடையை நோக்கி நடந்தேன். ஓட வேண்டும் என்றுதான் நினைத்தேன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு போக முடியவில்லை. வழிவிடுங்கள் என்று சத்தம் போடவும் எனக்கு வாய் வரவில்லை. மாப்பிள்ளை கிதாரைப் போட்டுவிட்டு அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். தூங்குமூஞ்சி கண்ணைத் திறந்து நிறுத்தினான். ஒட்டடைக்குச்சியும் நிறுத்தினார். அவளுடைய குரல் நிற்கவில்லை. வேறு வாத்தியம் ஒன்றும் இல்லாமல் அந்த மண்டபம் முழுவதும் அவள் கணீரென்று பாடிக்கொண்டிருந்தாள். கைதட்டல் அப்போதுதான் நின்றது. மாப்பிள்ளை அங்கிருந்து, "மாமா, அத நிறுத்துங்க. மாமா, அத நிறுத்துங்க" என்று கத்தினார். அப்போது நான் மண்டபத்தின் நடுவில் நின்றிருந்தேன். திரும்பிப் போய் நிறுத்துவதா, அவளிடம் போவதா என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டு தானாக முடியும் வரை ஓடியது.

அதன் பிறகு ஆம்புலன்ஸ் வந்ததும், ஆஸ்பத்திரியில் அவள் இறந்துவிட்டதாகச் சொன்னதும் பதிவில் இருக்கின்றன. ஆஸ்பத்திரி நடையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் புகார் அங்கிருந்துதான் வந்தது. என் மகன் வேலையிலிருந்து நேராக வந்தான். மாப்பிள்ளையை அத்தான் என்று கூப்பிடுகிறவன், அன்று சட்டையைப் பிடித்து, "பக்கத்துலதானே நின்ன? கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு?" என்றான்.

"மாமாவப் பார்த்தேன்டா. மாமா சரின்னார்" என்றார் மாப்பிள்ளை.

"பொண்டாட்டிய சாக விட்டுட்டு எங்கப்பா மேல பழி போடறியா?"

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான் அங்கேயே ஏதாவது சொல்லியிருக்கலாம். என் மகன் அதன் பிறகு நேராகக் காவல் நிலையத்துக்கு வந்து புகார் எழுதிக்கொடுத்தான். "நீங்க எதுவும் பேசாதீங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். அவன் என் நல்லதுக்காகத்தான் செய்தான்.

ஐந்தாவது. என் மகள் உதவி கேட்டிருந்தால் மைக்கில்தான் கேட்டிருப்பாள். அவள் திரும்பி நிற்பதற்கே அதுதான் காரணம். மைக் மூடியிருந்தாலும் என் ஹெட்போனில் கேட்டிருக்கும். அந்தப் பொத்தானை நான் நிகழ்ச்சி தொடங்கும்போதே அழுத்திவிடுவேன், முடியும் வரை எடுப்பதில்லை. ஹெட்போனையும் எடுப்பதில்லை. அன்று அதில் எதுவும் வரவில்லை. ஆகவே அவள் எதுவும் சொல்லவில்லை. அவளுக்குப் பேசும் அளவுக்கு மூச்சு இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஆறாவது. அவள் யாரையும் கூப்பிடவில்லை என்றால், யாரும் கேட்டும் கேளாமல் இருந்தார் என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளை சந்தேகப்பட்டு என்னைக் கேட்டார். விதிப்படி நிறுத்த வேண்டியவனும் நானே. நான் சரி என்று காட்டியதால் வாசித்தார். அவர் மீது குற்றம் இல்லை. எனக்கும் தெரிய வழியில்லை. இதோடு என் வாக்குமூலத்தை முடித்துக்கொள்ளலாம் என்றேன்.

ஏட்டு எழுதி முடித்ததும் ஆய்வாளர், மண்டபத்தில் கைப்பற்றிய பதிவுப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு மைக்கையும் தனியாகப் பிரித்து எடுத்திருப்பதாகவும், கடைசிப் பாட்டில் என் மகளின் மைக்கில் பதிவானதை நான் கேட்க விரும்பினால் கேட்கலாம் என்றும், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்றும் சொன்னார். மிக்ஸரில் மைக்கை மூடினாலும் பதிவு நிற்காது. அது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் இதுவரை அது என் நினைவுக்கு வரவில்லை. கேட்கிறேன் என்றேன். கணினியில் போட்டார்கள்.

முதல் சரணம் வந்தது. அதன் பிறகு பாட்டு இல்லை, தூரத்தில் டிரம்ஸ் சத்தமும் அவள் மூச்சும் மட்டும் இருந்தன. அதன் பிறகு அவள் பேசினாள்.

"அப்பா, தொண்டைய ஏதோ பிடிக்குது. இத கொஞ்சம் நிறுத்துங்க."

"அப்பா, மூச்சு வரல. நிறுத்துங்கப்பா."

ஆகவே நான் சொன்னவற்றில் ஐந்தாவது தவறு. அவள் கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு ஏன் கேட்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். நான்காவதில் நானே சொல்லியிருக்கிறேன். மண்டப மேலாளர் சொன்னது எனக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தில் ஹெட்போன் காதில் இருந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. மரியாதைக்காக அதைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். அவர் புகழ்ந்தது மெத்தை கட்டிய அறையில் பதிவான குரலை. எனக்கு அது தெரிந்திருந்தும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் போன பிறகும் அதைத் திரும்பக் காதில் மாட்டியதாக எனக்கு நினைவில்லை.

பதிவில் அதற்குப் பிறகு இன்னும் ஒன்று இருந்தது. குரல் மிகவும் மெலிந்து, சவுண்ட் செக்கில் கேட்கிற மாதிரியே, "அப்பா, கேக்குதா?" என்றாள். என்னை அறியாமல் என் கை உயர்ந்தது. ஏட்டு நான் போதும் என்று சொல்வதாக நினைத்து உடனே நிறுத்திவிட்டார்.

ஆறாவதில் 'எனக்கும் தெரிய வழியில்லை' என்ற வரியை ஐந்தாவதோடு சேர்த்துத் தவறு என்று கொள்ள வேண்டும். மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னது நிற்கிறது. ஆஸ்பத்திரி நடையில் அவர் சொன்னதுதான் சரி. இதை என் மகனுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், தாங்கள் சொல்ல வேண்டாம். ஐந்தாவதை அடித்துவிடவா என்று ஏட்டு கேட்டார். அடிக்க வேண்டாம், நான் அப்படிச் சொன்னதும் தெரிய வேண்டும், கீழே இதை எழுதினால் போதும் என்றேன். முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஹெட்போன் இல்லாமல், இரண்டு காதாலும் கேட்டேன். தவறென்று நான் குறித்தவை நீங்கலாக மற்றவை நடந்தபடி இருக்கின்றன என்பதற்கு என் கையெழுத்து.

(ஒப்பம்)
இறந்தவளின் தகப்பன்